இவிஏ ஃபோமில் சினிமாக் கவசமும் தலைக்கவசமும்: அளவெடுப்பதிலிருந்து துருக்கறை வரை

திரையில் இரும்பாகத் தெரியும் கவசத்தில் பெரும்பகுதி இரும்பே அல்ல. 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படைவீரர்களின் வெள்ளைக் கவசம், ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்துச் செய்தது. அரசர் காலப் படங்களிலும் உருண்டு புரளும் சண்டைக்குப் பல சமயம் ரப்பரோ ஃபோமோதான் உடம்பில் இருக்கும். ஆகவே வீட்டில் இவிஏ ஃபோமில், அதாவது செருப்புக்குப் பயன்படும் ரப்பர் போன்ற மெத்துப் பிளாஸ்டிக் ஷீட்டில், செய்வதை மட்டமான மாற்று என்று நினைக்க வேண்டாம்.

நல்ல கவசத்தையும் ஆண்டுவிழாவில் தொங்கும் அட்டைக் கவசத்தையும் பிரிப்பது பொருளின் விலையல்ல, அளவு. ஃபோமும் பெயிண்டும் நூறு விதமாக மன்னிக்கும். தோள்பட்டை இரண்டு விரல் அகலமாகிப்போன மார்புக் கவசத்தை எந்தப் பெயிண்டும் காப்பாற்றாது. அதனால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அளவுக்கும் காகித மாதிரிக்கும் ஒதுக்குங்கள். கீழே உள்ளது முழு வளர்ச்சி பெற்ற, ஐந்தரை அடி உயர ஆளுக்கான கணக்கு: மார்பு, முதுகு, தோள், முன்கை, கெண்டைக்கால், தலை. ஓய்வு நேரத்தில் மட்டும் செய்பவர்கள் ஆறு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவை

10 மி.மீ. ஃபோம் ஒன்றேகால் சதுர மீட்டர், மார்பு முதுகுக்கும் தலைக்கும். 6 மி.மீ. அதே அளவு, தோள், கை, காலுக்கு. 2 மி.மீ. அரை சதுர மீட்டர், மேலே வரும் பூவேலைக்கும் விளிம்புப் பட்டைக்கும். வெட்டில் வீணாகும் துண்டுகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ‘காஸ்ப்ளே ஃபோம்’ (படக் கதாபாத்திரம் போல வேடம் போடுபவர்கள் வாங்கும் ஃபோம்) என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது. செருப்புத் தயாரிப்புப் பொருள் விற்கும் கடையில் இவிஏ ஷீட் என்று கேளுங்கள். ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் பேக்கிங் ஃபோம் வெட்டித்தரும் இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே வெள்ளையாக, இலேசாக இருக்கும் ஈபிஈ ஃபோமைக் காட்டுவார்கள். அது டிவி பெட்டிக்குள் வருவது, சூட்டில் சுருங்கி ஓட்டையாகிவிடும், வேண்டாம். குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோக்கும் இரண்டடிக்கு இரண்டடி தரைப்பாய் நன்றாகவே வேலை செய்யும். சொரசொரப்பான பக்கத்தை உள்ளே வையுங்கள்.

வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அடர்த்தி கூடிய ஷீட்டில் குழி உடனே எழும்பிவிடும். நகம் பட்ட தடம் அப்படியே நின்றால் அது இளகிய ரகம், தோள்பட்டைக்கு ஆகாது. அடர்த்தியைக் கேட்டால் சொல்லக்கூடிய கடையாக இருந்தால், கன மீட்டருக்கு 85 முதல் 100 கிலோ ரகம் நல்லது.

பசைக்கு, தச்சர்கள் சன்மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் மஞ்சள் நிறப் பசை, ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்றது, அரை லிட்டர். வெள்ளை ஃபெவிகால் ஒட்டுவதற்கு உதவாது. இரண்டு ஃபோமுக்கு நடுவில் காற்றுப் போகாததால் அது நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். ஆனால் அதையும் ஒரு கிலோ வாங்கி வையுங்கள், பின்னால் வேறு வேலைக்கு வேண்டும்.

கருவிகள்: 18 மி.மீ. அகல உடைக்கும் பிளேடு வைத்த கட்டரும் பத்து உதிரிப் பிளேடும், ஒன்றரை அடி இரும்பு ஸ்கேல், 1500 முதல் 2000 வாட் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), 120, 240 எண் உப்புத்தாள், இன்ச் டேப், மாஸ்கிங் டேப் மூன்று சுருள், சமையலறை கிளிங் ஃபிலிம் ஒரு சுருள், கனமான சார்ட் பேப்பர். முடி உலர்த்தும் டிரையர் 10 மி.மீ. ஃபோமை வளைக்கும் அளவுக்குச் சூடு தராது, அதை வைத்து முயல வேண்டாம்.

பாதுகாப்பில் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பற்றும். துணி மாஸ்க்கும் என்95-உம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்கு கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும். மொட்டை மாடியிலோ திண்ணையிலோ ஒட்டுங்கள். கேஸ் அடுப்பும் விளக்கும் இருக்கும் அறையில் டப்பாவைத் திறக்கவே கூடாது. ஹீட் கன்னும் திறந்த பசை டப்பாவும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது.

படத்தைப் படிப்பது

ஒரே கவசத்தை முன், பக்கம், பின் என்று மூன்று கோணத்தில் காட்டும் படங்களைச் சேகரியுங்கள். கிட்டத்தில் எடுத்த முகக் காட்சியிலிருந்து அளவெடுத்தால் நெற்றியும் மூக்கும் பெருத்து, காதுப்பக்கம் சிறுத்துவிடும். தூரத்திலிருந்து எடுத்த முழு உருவக் காட்சிதான் அளவுக்கு நம்பகமானது.

படத்திலிருந்து செ.மீ. கணக்குக்கு வர எளிய வழி கண்மணி இடைவெளி. வளர்ந்தவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் சராசரியாக 63 மி.மீ. இருக்கும். நேராகப் பார்க்கும் படத்தில் அந்த இடைவெளியை ஸ்கேலில் அளந்து, தலைக்கவசத்தின் உயரம் அதைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஐந்து மடங்கு வந்தால் உயரம் சுமார் 31 செ.மீ.

இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணின் வீரனைச் செய்ய நினைப்பவர்கள் படங்களோடு நிற்க வேண்டாம். தருமபுரி அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. வாளைப் பிடித்த கை, வில், இடுப்பில் செருகிய குறுவாள், பக்கவாட்டில் முடிந்த கொண்டை எல்லாம் கல்லில் தெளிவாகத் தெரியும். பெரும்பாலான வீரர்கள் உடம்பில் சினிமாக் கவசம் போல எதுவும் இல்லை என்பதும் தெரியும். மார்புத்தகடு இல்லாமல் கச்சை, கைக் காப்பு, குறுவாள் என்று மட்டும் செய்தால்கூட மிக அழகான வேடம் அது.

தெருக்கூத்து நடக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிய புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் இவற்றைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். வேடம் கட்டும்போது அருகில் நின்று பாருங்கள். எடையை ஒரே இடத்தில் தொங்கவிடாமல் கயிற்றைத் தோள், அக்குள், முதுகு என்று எப்படிச் சுற்றி இறுக்குகிறார்கள் என்பது நம் நாடா வேலைக்கு அப்படியே உதவும்.

உடம்பிலேயே மாதிரி எடுப்பது

பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே கிளிங் ஃபிலிமை இரண்டு சுற்று. அதன்மேல் மாஸ்கிங் டேப்பைக் கைநீளத் துண்டுகளாகக் கிழித்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு ஒட்டச் சொல்லுங்கள். இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். இறுக்கிச் சுற்றக் கூடாது. ஒட்டும் நேரம் முழுக்க மூச்சை உள்ளிழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அப்படி எடுத்த மாதிரியில் செய்த கவசம் முதல் சோற்றுக்கே பிடிக்கும்.

மார்க்கரால் முதலில் கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரை நடுக்கோடு. பிறகு கழுத்து வளைவு, கைக்குழி, கீழ் விளிம்பு, பக்கக் கோடு. கீழ் விளிம்பு தொப்புளுக்கு மேலேயே நிற்கட்டும். அதற்குக் கீழே இறக்கினால், உட்காரும்போது தொடை கவசத்தை மேலே தள்ளி அது தாடையில் இடிக்கும். கைக்குழியைத் தோள் எலும்பின் ஓரத்திலிருந்து இரண்டரை செ.மீ. உள்ளே வெட்டுங்கள். பார்க்கக் குறுகலாகத் தெரிந்தாலும் தோள் கவசம் மேலே வந்து மூடிவிடும், கையும் தாராளமாக உயரும்.

பக்கக் கோட்டில் கத்தரியால் வெட்டிக் கழற்றுங்கள். வலது பாதியை மட்டும் எடுத்துத் தரையில் பரப்பினால் மார்பு மேட்டிலும் அக்குள் அருகிலும் தட்டையாகாமல் எழும்பும். எழும்பும் இடத்தில் ஓரத்திலிருந்து மேட்டின் உச்சி வரை வெட்டினால் ஆப்பு வடிவில் விரிந்து படியும். தையல்காரர் ஜாக்கெட்டில் பிடிக்கும் டார்ட் இதேதான். இந்தப் பாதியைச் சார்ட்டில் வரைந்து, மடித்து வெட்டி முழுமையாக்குங்கள். உடம்பின் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே எடுத்தால் கவசம் கோணிக்கொண்டு தெரியும்.

முன்னும் பின்னும் பக்கவாட்டில் சேர வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ. இடைவெளி விட்டு, நாடாவால் இணைக்கலாம். ஆழ்ந்து மூச்சை இழுத்தால் மார்புச் சுற்றளவு சில செ.மீ. விரியும், அதற்கு வழி வேண்டும். வெயில் நாளில் காற்று போகவும் அந்த இடைவெளிதான்.

ஃபோமைத் தொடும் முன், இந்தச் சார்ட் மாதிரியை டேப்பால் ஒட்டி உடம்பில் போட்டுப் பாருங்கள். உட்காருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சார்ட்டை வெட்டுங்கள். இந்த நிலையில் தவறு சரிசெய்ய ஆகும் செலவு ஒரு சார்ட் தாள்.

வெட்டு

மாதிரியை ஃபோமில் வரையும்போது, சேர வேண்டிய ஓரங்களில் 5 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். வளைந்த ஓரம் ஒன்றும் நேர் ஓரம் ஒன்றும் சேரும் இடத்தில் இந்த எண்கள் இல்லையென்றால் கடைசியில் ஒரு செ.மீ. மிஞ்சும், அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

10 மி.மீ. ஃபோமை ஒரே இழுப்பில் வெட்டாதீர்கள். முதல் இழுப்பு கோட்டைப் பதிக்க, இரண்டாவது ஆழத்துக்கு, மூன்றாவது துண்டிக்க. பிளேடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஓரம் சரிவாகி மேலே சேர்ந்தது போலத் தெரிந்து கீழே பிளந்து நிற்கும். வெட்டின் ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து பல் பல்லாக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. ஒவ்வொரு பெரிய துண்டுக்கும் ஒருமுறை முனையை உடைத்துப் புதிதாக்குங்கள். பிளேடில் சிக்கனம் பார்த்தால் உப்புத்தாளிலும் நேரத்திலும் இரண்டு மடங்கு போகும்.

மார்பின் நடுவே முகடு வைப்பதானால் ஓரத்தைச் சரிவாக வெட்ட வேண்டும். வேண்டிய கோணத்தை 180-லிருந்து கழித்துப் பாதியாக்குங்கள். 150 பாகை முகட்டுக்கு ஒவ்வொரு துண்டிலும் 15 பாகைச் சரிவு. பெட்டி மூலை போல 90 பாகை என்றால் ஒவ்வொன்றிலும் 45.

சூடுகாட்டி வளைப்பது

வெட்டிய துண்டு முழுவதையும் முதலில் சூடுகாட்டுங்கள். ஹீட் கன்னை 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே போக வேண்டும். மங்கலாக இருந்த மேற்பரப்பு திடீரென்று இலேசாகப் பளபளக்கும். நுண்துளைகள் மூடிக்கொண்டன என்பதற்கு அதுதான் அடையாளம். பளபளப்பு வந்ததும் நகர்த்திவிடுங்கள். இன்னும் காட்டினால் பரப்பு சுருங்கி அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழும், அதை மீட்க முடியாது.

வளைவுக்கு இரண்டு பக்கமும் சூடுகாட்டித் துண்டு துவண்ட பிறகு, தொடையின்மேலோ எவர்சில்வர் குடத்தின்மேலோ அழுத்திப் பிடித்து, ஆறும் வரை விடாமல் வைத்திருங்கள். வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும், ஆறும்போது சற்று விரியும். கைக்குக் கனமான உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டு வேலைக்கும் சூடுதான். ஃபோமின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கட்டரால் கீறுங்கள். கீறியதும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும். அதன்மேல் சூடு பட்டவுடன் இரண்டு உதடும் விலகி, உளியால் வெட்டியது போல V வடிவப் பள்ளம் திறக்கும். தகடுகள் சேரும் கோடு, கொடி, இலை நரம்பு எல்லாவற்றையும் இப்படியே போடலாம். கை நடுங்கினால் திருத்த வழியில்லை என்பதால் வெட்டில் மிஞ்சிய துண்டில் நன்றாகப் பழகிவிட்டு வாருங்கள்.

வளைப்பது முழுவதும் ஒட்டுவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு சூடுகாட்டினால் பசை இளகி மூட்டு பிரியும். 2 மி.மீ. பூவேலையையும் அடித்துண்டு வளைந்த பிறகே ஒட்டுங்கள். தட்டையாக இருக்கும்போது ஒட்டி அப்புறம் வளைத்தால் மேல் அடுக்கு இழுபட்டு எழும்பும்.

ஒட்டுவது

இரண்டு ஓரத்திலும் மெல்லிய பூச்சு. ஃபோம் முதல் பூச்சை உறிஞ்சிவிடும், அது காய்ந்ததும் இரண்டாவது. பிறகு காத்திருக்க வேண்டும். டப்பாவில் 10, 15 நிமிடம் என்று போட்டிருக்கும். ஆனால் சித்திரை மாத மதியம் தருமபுரியில் ஐந்து நிமிடத்திலேயே காய்ந்துவிடும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிக் காலையில் இருபது நிமிடமானாலும் ஈரமாக நிற்கும். கடிகாரத்தை விடுங்கள், விரலின் புறப்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டுவது போல இருந்து, விரலோடு வராமல் இருந்தால் அதுதான் நேரம். ஈரத்தில் சேர்த்தால் மூட்டு வழுக்கிப் பிளக்கும். காய்ந்தே போய்விட்டால் ஹீட் கன்னை ஒரு வீச்சு காட்டியோ இன்னொரு மெல்லிய பூச்சு போட்டோ உயிர் கொடுக்கலாம்.

ஐப்பசி கார்த்திகை மழை நாளில் பசைப்பரப்பில் வெளிர் படலம் தெரிந்தால், காற்றின் ஈரம் அதில் படிந்துவிட்டது. அந்தப் பரப்பு ஒட்டாது. துடைத்துக் காயவிட்டு மறுபடி பூசுங்கள், அல்லது வெயில் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

சேர்க்கும்போது இரண்டு முனையை முதலில், அப்புறம் நடு, அப்புறம் இடைப்பட்ட எண்கள். தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. இணைப்புக் கோட்டில் மெல்லிய இடுக்கு தெரிந்தால் பெயிண்ட் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் கிராக் ஃபில்லரை வைத்து, ஈர விரலால் வழியுங்கள். சிலிக்கான் சீலன்ட் வைக்கக் கூடாது, அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. சுவர்ப் புட்டியும் எம்-சீலும் அழகாக நிரப்பும், ஆனால் கவசம் வளையும்போது கோடு கோடாக வெடிக்கும்.

தலைக்கவசம்

அதிகம் பேர் தோற்கும் இடம் இது. காரணம் ஒன்றுதான்: தலையின் சுற்றளவையே ஃபோமின் நீளமாக வெட்டிவிடுகிறார்கள்.

புருவத்துக்கு மேலே சுற்றளவு 58 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 10 மி.மீ. ஸ்பாஞ்சு, அதற்கு வெளியே 10 மி.மீ. ஃபோம். ஃபோம் வளையும்போது உட்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கனம் மட்டும் அளவு மாறாது. ஆக, ஸ்பாஞ்சின் 10 மி.மீ.யும் ஃபோமில் பாதி 5 மி.மீ.யும் சேர்ந்து ஆரம் 1.5 செ.மீ. கூடுகிறது. அதை 6.28-ஆல் பெருக்கினால் 9.4. வெட்ட வேண்டிய நீளம் 67.4 செ.மீ. புருவத்திலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை ஏறக்குறைய அரைவட்டம், அதற்கு 3.14-ஆல் பெருக்குங்கள். 36 செ.மீ. அளந்தவர்களுக்கு 36-உம் 4.7-உம் சேர்த்து 40.7. இந்த இரண்டு எண்களும் சரியாக இருந்தால் மற்றது கைவேலைதான்.

தலையிலும் கிளிங் ஃபிலிம், மாஸ்கிங் டேப் முறைதான். மூக்கும் வாயும் மூடாமல் புருவத்துக்கு மேலே மட்டும் சுற்றுங்கள், முடியைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். கழற்றிய குல்லாயில் நெற்றி நடுவிலிருந்து பிடரி நடு வரை 5 செ.மீ. அகல நடுப்பட்டை ஒன்று வரையுங்கள். மிச்சம் இடம், வலம் இரண்டு பக்கத்துண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, காதுக்கு மேலே ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு டார்ட் வெட்டிப் பரப்பி, மேலே சொன்ன கணக்கில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம் அதன் கண்ணாடிப் பிம்பம். இந்த அமைப்பில் முக்கியமான இணைப்புகள் இரண்டும் நடுப்பட்டையின் ஓரத்தில் வரும். மேலே மயிர் நிற்கும் கொண்டைப் பட்டை வைத்தால் அவை மறைந்தே போகும்.

பக்கத்துண்டுகளைக் குடத்தின் அடியில் அழுத்திக் குழிவாக்கி, டார்ட்டுகளை ஒட்டி, நடுப்பட்டையை நெற்றியிலிருந்து பின்னோக்கி ஒட்டிக்கொண்டு போங்கள். ஒரு விரல் நீளம் இடது, ஒரு விரல் நீளம் வலது என்று மாறி மாறி. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உச்சி ஒருபுறம் திருகிக்கொள்ளும்.

கன்னத் தகடும் பிடரித் தகடும் 6 மி.மீ. ஃபோமில். கன்னத் தகட்டை நேராக ஒட்டாமல் உட்பக்கம் ரெக்சின் துண்டு வைத்து மூட்டாக்கினால் மாட்டவும் கழற்றவும் தொல்லை இருக்காது. முகம் முழுவதும் மூடிய தலைக்கவசமாக இருந்தால் கழுத்துவாய் குறுகி, தலை நுழையாது. முகத்தைத் தனித் துண்டாக்கி 10 மி.மீ. விட்டமுள்ள நியோடைமியம் காந்தம் நான்கு ஜோடி பதியுங்கள். எந்தப் பக்கம் எதை ஈர்க்கிறது என்று பதிக்கும் முன் மார்க்கரால் குறித்துவிடுங்கள்.

கண்துளையைப் படத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, உங்கள் கண்மணி உயரத்தைக் குறித்து வெட்டுங்கள். உட்பக்கம் கறுப்பு அடித்த கொசுவலை ஒட்டினால் வெளியிலிருந்து இருட்டாகத் தெரியும், உள்ளிருந்து பார்வை தெளிவாக இருக்கும். காற்றுக்கு, கொண்டைப் பட்டைக்குக் கீழே நான்கு துளை, காதுப்பக்கம் இரண்டு துளை போதும். கொண்டை மயிருக்குச் சணல் கயிற்றைப் பிரித்துச் சீவி, கறுப்போ சிவப்போ சாயம் ஏற்றி, மூன்று வரிசை ஒட்டுங்கள்.

இந்தத் தலைக்கவசம் அடியைத் தாங்காது. இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, பக்கத்துத் தெருவுக்குக்கூட. வண்டிக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 எண்ணும் உள்ள ஹெல்மெட்தான்.

ஃபைபரும் 3டி பிரிண்டும்

உருண்டை திரண்ட, கண்ணாடி போல வழவழப்பான தலைக்கவசம் வேண்டுமென்றால் ஃபோம் திணறும். அட்டை மாதிரியை மடித்து ஒட்டி, உட்பக்கம் ஃபைபர் மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் பூசுவது பழைய வழி. அட்டை ரெசினில் நனைந்ததும் தொய்யும், அதனால் உள்ளே குறுக்குத் தாங்கல் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். நம் கடைகளில் ரெசின், கோபால்ட் முடுக்கி, ஹார்டனர் என்று மூன்றாகத் தருவது உண்டு. கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை முழுவதும் கலக்கி, அதன்பிறகே ஹார்டனர். கோடையில் ரெசின் எடையில் 1 சதவீதம் ஹார்டனர் போதும். 2 போட்டால் கிண்ணத்திலேயே புகைந்து கட்டியாகும்.

3டி பிரிண்ட் எடுப்பவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 60 டிகிரிக்கு மேல் இளகும், வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். பிஇடிஜி பிளாஸ்டிக் 80 வரை தாங்கும்.

அடைப்புப் பூச்சும் பெயிண்டும்

வெறும் ஃபோமில் பெயிண்ட் அடித்தால் உறிஞ்சிக்கொள்ளும், மங்கும், வளைத்தால் வெடிக்கும். முதலில் துளைகளை அடைக்க வேண்டும். எடுத்து வைத்த வெள்ளை ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மெல்லிசாக நான்கு அல்லது ஐந்து பூச்சு, ஒவ்வொன்றும் கண்ணாடி போலத் தெளிந்த பிறகு அடுத்தது. கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் தூரிகைத் தடம் அப்படியே நிற்கும். காய்ந்த ஃபெவிகால் உப்புத்தாளுக்கு ரப்பர் போலச் சுருளும், தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஈரத்திலும் வியர்வையிலும் இந்தப் பூச்சு இளகும் என்பதால் மேலே பெயிண்டும் கிளியர் லேக்கரும் கட்டாயம். உட்பக்கம் பூசாமல் பருத்தித் துணி ஒட்டுங்கள்.

ஸ்ப்ரே டப்பாவைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் துளிகள் காற்றிலேயே காய்ந்து, பரப்பு மணல்போல் சொரசொரக்கும். ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும், அப்போது மூடிய தாழ்வாரத்தில் மாஸ்க்கோடு அடிக்கலாம். 25 முதல் 30 செ.மீ. தூரம், மெல்லிய மூன்று பூச்சு.

இரும்புக்கு அடி கறுப்பு. அது காய்ந்ததும் தூரிகையில் வெள்ளி அக்ரிலிக் தொட்டு, பழந்துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள். பள்ளத்தில் கறுப்பு நின்று ஆழம் தெரியும். வெண்கலத்துக்கு அடி கரும்பழுப்பு, மேலே செம்பு நிறம், விளிம்புகளில் மட்டும் தங்கம். கடைசியில் கரும்பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு கலந்து முழுவதும் தடவி, உடனே மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மழை வழிந்த திசை அதுதான்.

அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை தொண்டைமானிடம் சொன்னது இந்தத் தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணைப் பற்றி. புத்தம் புதிதாக மின்னும் படைக்கலம் போர் பார்க்காதது. ஆகவே தேய்மானத்தை யோசித்து வையுங்கள். முன்கைக் கவசத்தின் வெளி விளிம்பு, இடது தோள், வாளுறை உரசும் இடுப்போரம், நாடா அழுத்தும் இடம், இவற்றில் வெள்ளிக் கீறல் வரும். அக்குள் பக்கமும் முதுகின் நடுவும் அவ்வளவாகத் தேயாது. எல்லா இடத்திலும் ஒரே அளவு துரு பூசினால் அது அழுக்காகத்தான் தெரியும். துருவுக்குச் சலித்த செங்கல் தூளை ஃபெவிகாலில் குழைத்து, ஆணித்தலை சுற்றிலும் மூட்டு இடுக்கிலும் ஒற்றி எடுங்கள். ஆணித்தலைக்கு ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் அரை முத்து மணி போதும்.

நாடாவும் பக்கிளும்

பள்ளிப் பை தைக்கும் கடையில் 25 மி.மீ. நைலான் நாடாவும் கிளிப் பக்கிளும் வாங்குங்கள். இரண்டு தோள், பக்கத்துக்கு இரண்டு என்று ஆறு இணைப்பு. வெட்டிய நாடா முனையை லைட்டரில் இலேசாகக் கருக்கினால் பிரியாது. நாடாவைக் கவசத்தின் உட்பக்கம் 8 செ.மீ. நீளத்துக்கு ஒட்டி, மேலே 6 மி.மீ. ஃபோம் துண்டு ஒன்றை மூடி ஒட்டுங்கள். வெறும் ஹாட் க்ளூவை நம்பாதீர்கள், வெயிலில் அது இளகி நாடா கழன்று கையோடு வரும்.

தோள் கவசத்தை மார்புக் கவசத்தில் தொங்கவிடாமல், கழுத்தோரத்தில் ஒரு நாடாவும் மேற்கையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக்கும் வைத்தால் கையோடு சேர்ந்து அசையும்.

அணிவதும் கொண்டுபோவதும்

உள்ளே முழுக்கைப் பருத்திப் பனியன். ஃபோம் சூட்டை வெளியே விடாது. வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள். பார்வை பக்கவாட்டில் குறையும், படியிறங்கும்போது ஒருவர் கூட வர வேண்டும்.

பெங்களூர் காமிக் கான் போன்ற நிகழ்ச்சிகளுக்கு இங்கிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் இரும்பு ஆயுதம் எடுத்துப் போகாதீர்கள், நுழைவாயிலில் விடமாட்டார்கள். வாளையும் ஃபோமில் செய்து நடுவே பிவிசி குழாய் வையுங்கள். பேக் செய்யும்போது முதுகுக்குள் மார்பு, அதற்குள் தோள், கை, கால் என்று அடுக்கி, இடையிடையே பழைய வேட்டி. தலைக்கவசத்துக்குள் துணியைத் திணித்துத் தனிப் பையில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கூடவே சின்ன பசைக்குழாய், நாடா ஒரு மீட்டர், பக்கிள் இரண்டு, கறுப்பு வெள்ளி அக்ரிலிக் சிறு புட்டி, கட்டர்.

வீட்டில் வைக்கும்போது ஜன்னல் வெயில் படாத இடமாகப் பாருங்கள். மார்புக் கவசத்தை அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள். தலைக்கவசத்தை விளிம்பில் நிறுத்தினால் கன்னத் தகடுகள் எடையில் வெளியே விரிந்து அப்படியே நின்றுவிடும். கவிழ்த்த குடத்தின்மேல் துண்டைச் சுற்றி, அதன்மேல் மாட்டி வையுங்கள்.